மாலையில் நீரை வடிப்பவர் யார்? – டிராக்டரின் குளிர்கால வரலாறு

ரஷ்ய உழவர்களிடையே பழமொழி ஒன்று உண்டு. சறுக்குவண்டியைக் கோடையில் செப்பனிடு, சக்கரவண்டியைக் குளிர்காலத்தில் செப்பனிடு என்பது அதன் பொருள். 'ஆடிப்பட்டம் தேடி விதை' என்னும் நம் பழமொழியோடு இதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நம் பழமொழி வேலை செய்யவேண்டிய பருவத்தைச் சுட்டுகிறது. ரஷ்யப் பழமொழியோ அவ்வேலைக்கு முந்தைய, ஓய்வு போலத் தோன்றும் பருவத்தைச் சுட்டுகிறது. ஆண்டில் ஐந்தாறு மாதங்கள் மண் கல்லாக உறைந்து கிடக்கும் நாட்டில், உழவு என்பது ஏர் மண்ணைத் தொடும் நாளில் தொடங்குவதில்லை. கொட்டகைக்குள், பட்டறைக்குள், விளக்கு வெளிச்சத்தில் அது முன்னரே தொடங்கிவிடுகிறது.

இருபதாம் நூற்றாண்டில் அந்தச் சக்கரவண்டியின் இடத்தை டிராக்டர் பிடித்துக்கொண்டது. டிராக்டரின் வரலாறு பெரும்பாலும் உழவுப் பருவத்தில் நின்றே எழுதப்பட்டுள்ளது. எத்தனை எக்டேர் உழுதது, எத்தனை குதிரைகளை வெளியேற்றியது, எந்தத் தொழிற்சாலையில் எத்தனை செய்யப்பட்டன என்பவையே அவ்வரலாற்றின் செய்திகள். ஆனால் குளிர்நாடுகளில் ஒரு டிராக்டரின் ஆயுளைத் தீர்மானித்தது உழவுப் பருவம் அன்று. அது வேலையின்றி நின்ற மாதங்களே. அம்மாதங்களில் அதனைப் பேணியவர் யார், எவருடைய பொறுப்பில் அது நின்றது என்னும் கேள்வியை வட அமெரிக்கப் புல்வெளிகளிலும் சோவியத் ஸ்டெப்பி நிலங்களிலும் வைத்துப் பார்ப்பது இக்கட்டுரையின் நோக்கம்.

தொடங்குமுன் சொல் ஒன்றைத் தெளிவுபடுத்திக்கொள்வோம். நம் பெரும்பொழுதுகள் ஆறில் முன்பனி, பின்பனி என இரண்டு பனியின் பெயரைத் தாங்கியவை. அப்பனி புல்நுனியில் துளியாக நின்று, வெயில் ஏறியதும் மறைவது. இங்கே நாம் பேசப்போகும் பனி வேறு. அது இரும்பைப் பிளக்கும்.

நீரும் வார்ப்பிரும்பும்

தண்ணீர் உறையும்போது ஏறத்தாழ 9 விழுக்காடு பருமன் கூடுகிறது. பிற பொருள்கள் பலவும் உறைகையில் சுருங்க, நீரோ விரிகிறது. எஞ்சினைக் குளிர்விக்க அதன் உடலுக்குள் சுற்றிவரும் நீர் ஓரிரவு அங்கேயே உறைந்துவிட்டால், விரிய இடமின்றி வார்ப்பிரும்பை உள்ளிருந்து அழுத்தும். வார்ப்பிரும்பு வளையாது, வெடிக்கும். சிலிண்டர்கள் அமைந்த பிளாக் விரிசல் கண்டால், அக்காலத்து நாட்டுப்புறப் பட்டறைகளில் அதனை மீட்பது அரிது. பகலெல்லாம் எஞ்சினைக் காத்த அதே நீர் இரவில் அதன் பகையாகிவிடும்.

ஆகவே முதல் தலைமுறை டிராக்டர் ஓட்டுநர்கள் அனைவருக்கும் ஒரு மாலைக் கடமை இருந்தது. வேலை முடிந்ததும் ரேடியேட்டரின் அடியிலும் பிளாக்கின் பக்கவாட்டிலும் உள்ள வடிகுழாய்களைத் திறந்து நீரை முற்றும் வடித்துவிட வேண்டும். நீர் நின்றுவிட்டது என்று நம்பிப் போய்விடக்கூடாது. துருவோ மண்ணோ துளையை அடைத்திருந்தால், வடிந்ததுபோலத் தோன்றும் எஞ்சினுக்குள் நீர் தேங்கியிருக்கும். கம்பியால் துளையைக் குத்திப் பார்ப்பதும், வடிகுழாயை இரவு முழுதும் திறந்தே விடுவதும் அனுபவசாலிகளின் வழக்கம்.

எண்ணெயும் எளிதில் விடுவதில்லை. கோடையில் நன்கு ஓடும் கனத்த எண்ணெய், கடுங்குளிரில் கெட்டிப்பட்டு எஞ்சினைச் சுழலவிடாது. எனவே அதனையும் சூடு ஆறுமுன் வாளியில் வடித்து வீட்டுக்குள் கொண்டுபோய், காலையில் அடுப்பில் வைத்துச் சூடாக்கி மீண்டும் ஊற்றுவார்கள். உடன் ரேடியேட்டருக்கு வெந்நீர். எண்ணெய்க் கலனின் அடியில் ஊதுவிளக்கையோ தணலையோ வைப்பதும் உண்டு. பக்கத்தில் பெட்ரோல் கசிந்திருந்தால் டிராக்டரோடு கொட்டகையும் எரிந்துபோகும். இன்று எண்ணெய்ப் பெட்டியின் மீது நாம் காணும் எண்களுக்கிடையே நிற்கும் 'டபிள்யூ' என்னும் எழுத்து, குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்தே. கனத்த எண்ணெயோடு பட்ட பாட்டின் நினைவு அவ்வெழுத்தில் தங்கியிருக்கிறது எனலாம்.

மண்ணெண்ணெயில் ஓடிய பழைய டிராக்டர்களுக்கு மற்றொரு சிக்கலும் உண்டு. குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் ஆவியாகாது. சிலிண்டர்ச் சுவர் வழியே இறங்கி, கீழே உள்ள எண்ணெயோடு கலந்து அதனை நீர்க்கச் செய்துவிடும். ஆதலின் பெட்ரோலில் தொடங்கி, சூடேறிய பின் மண்ணெண்ணெய்க்கு மாறி, நிறுத்துவதற்கு முன் மறுபடியும் பெட்ரோலுக்கு வரவேண்டும். மறுநாள் காலைத் தொடக்கத்திற்கான பெட்ரோலை முந்தைய மாலையே கார்புரேட்டரில் வைத்துவிட்டுப் போவதுதான் இதன் சூட்சுமம். சுருங்கச் சொன்னால், மாலையில் ஒருவர் காட்டும் அக்கறைதான் காலையில் எஞ்சினாக ஓடும். அந்த ஒருவர் யார் என்பதில்தான் வரலாறு நுழைகிறது.

அமெரிக்கப் புல்வெளியில்

வட அமெரிக்க உற்பத்தியாளர்கள் நீரின் பகையைத் தொடக்கத்திலேயே அறிந்திருந்தனர். அயோவா மாநிலத்தின் சார்ல்ஸ் சிட்டியில் இயங்கிய ஹார்ட்-பார் நிறுவனம் தன் தொடக்ககால டிராக்டர்களை நீருக்குப் பதிலாக எண்ணெயால் குளிர்வித்தது. இந்தியானா மாநிலத்தின் லா போர்ட்டில் 1910 முதல் 1930 வரை செய்யப்பட்ட ரூமெலி ஆயில்புல் டிராக்டரும் அவ்வாறே. எண்ணெய் உறைந்து இரும்பைப் பிளக்காது. நீர் கொதிக்கும் நிலைக்கு மேலும் எஞ்சினைச் சூடாக ஓடவிடலாம் என்பதால் மண்ணெண்ணெயும் நன்கு எரியும். ஆனால் இவை பல டன் எடையுள்ள, விலை மிகுந்த இயந்திரங்கள்.

சிறு உழவரின் கைக்கு டிராக்டரைக் கொண்டுவந்தது 1917இல் வெளிவந்த ஃபோர்ட்சன். அது நீரில் குளிர்வது. அதன் கிளட்ச் தகடுகள் எண்ணெயில் மூழ்கியிருந்தன; குளிரில் அவ்வெண்ணெய் தடித்ததும் தகடுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். கைப்பிடியைச் சுழற்றுபவர் எஞ்சினை மட்டுமன்றிப் பின்னாலுள்ள பற்சக்கரங்களையும் சேர்த்தே இழுத்தாக வேண்டும். விலை மலிவாயிருந்த ஃபோர்ட்சன் குளிர்காலைகளில் வாங்கிய உழைப்பு மலிவாயிருக்கவில்லை.

அக்காலத்தில் டிராக்டர் என்ற பெயரில் எதையெதையோ விற்று, பிறகு காணாமற்போன நிறுவனங்கள் பல. அதனால் அல்லலுற்ற நெப்ராஸ்கா மாநிலம் 1919இல் ஒரு சட்டம் இயற்றியது. மாநிலத்தில் விற்கப்படும் டிராக்டர் வகை ஒவ்வொன்றும் மாநிலப் பல்கலைக்கழகத்தில் சோதிக்கப்பட வேண்டும் என்பது அதன் புகழ்பெற்ற பகுதி. விற்பனையாளர் போதிய உதிரிபாகங்களை மாநிலத்திற்குள்ளேயே இருப்பு வைத்திருக்க வேண்டும் என்பது அதன் மற்றொரு பகுதி. நம் நோக்கில் இவ்விரண்டாம் பகுதியே முதன்மையானது. குளிர்காலத்தில் பிரித்துப்போட்ட எஞ்சினுக்கு வசந்தத்திற்கு முன் ஒரு வளையமோ வால்வோ கிடைக்காவிட்டால், பிரித்தவரின் உழைப்பெல்லாம் வீண். இயந்திரத்தை விற்பவன் அதன் முதுமைக்கும் கடமைப்பட்டவன் என்பதைச் சட்டத்தில் எழுதிய தொடக்ககால முயற்சிகளுள் இதுவும் ஒன்று.

உறையாத நீருக்கான தேடலும் தொடர்ந்தது. முதலில் ஆல்கஹாலை நீரோடு கலந்தார்கள். அது உறைதலைத் தடுத்தது. ஆனால் நீருக்கு முன்னரே கொதித்து ஆவியாகிவிடும். மெத்தனால் ஏறத்தாழ 65 பாகை செல்சியஸிலும் எத்தனால் 78 பாகையிலும் கொதிப்பவை. இளவெயில் அடித்த ஒரு நாள் கடுமையாக உழைத்த டிராக்டரில் ஆல்கஹால் ஓசையின்றிப் பறந்துபோயிருக்கும். அன்றிரவு வரும் குளிருக்கு வெறும் நீரே எஞ்சியிருக்கும். தேவைப்பட்ட பொருள் முன்னரே அறியப்பட்டிருந்தது. பிரெஞ்சு வேதியியலாளர் வுர்ட்ஸ் 1850களிலேயே எத்திலீன் கிளைக்காலைத் தயாரித்திருந்தார். அது 1927இல் பிரெஸ்டோன் என்னும் பெயரில் அமெரிக்கச் சந்தைக்கு வந்தது. இதில் ஒரு விந்தை உண்டு. தனிக் கிளைக்கால் ஏறத்தாழ -13 பாகையிலேயே உறைந்துவிடும். நீரும் கிளைக்காலும் சரிபாதி கலந்தால் -37 பாகை வரை தாங்கும். தனித்தனியே தோற்பவை இரண்டும் சேர்ந்து வெல்கின்றன.

எஞ்சியது காலைத் தொடக்கம். இதற்கு மின்சாரம் வேண்டியிருந்தது. 1930களின் நடுப்பகுதியில் அமெரிக்கப் பண்ணைகளில் பத்தில் ஒன்றுக்குத்தான் மின்னிணைப்பு இருந்தது. தனியார் நிறுவனங்கள் தொலைதூரப் பண்ணைகளுக்குக் கம்பி இழுப்பதில் ஆதாயம் காணவில்லை. 1935இல் ரூஸ்வெல்ட் அரசு கிராம மின்மயமாக்க நிர்வாகத்தைத் தோற்றுவித்து, உழவர் கூட்டுறவுகளுக்குக் கடன் வழங்கியது. அதன் பயனாக எழுந்த கூட்டுறவு ஒன்றோடு தொடர்புடையவர் வடக்கு டகோட்டாவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் நகரைச் சேர்ந்த ஆண்ட்ரூ ஃப்ரீமன். எஞ்சின் தலைப்பகுதியின் ஒரு போல்ட்டை எடுத்துவிட்டு அவ்விடத்தில் பொருத்தக்கூடிய மின்சூடேற்றியை அவர் உருவாக்கினார். 1949இல் அதற்குக் காப்புரிமை கிடைத்தது. இரவில் கம்பியைச் செருகிவிட்டுப் படுத்தால் காலையில் எஞ்சின் வெதுவெதுப்பாக இருக்கும். வாளியும் அடுப்பும் ஊதுவிளக்கும் அந்தக் கம்பிக்குள் அடங்கிவிட்டன.

இந்த வரலாற்றைத் தனி உடைமையின் வெற்றி என்று சுருக்கிவிட இயலாது. டிராக்டர் தன்னுடையது என்பதால் உழவர் மாலையில் நீரை வடித்தார், உண்மை. ஆனால் உதிரிபாகம் கிடைத்தது மாநிலச் சட்டத்தால். மின்சாரம் கிடைத்தது அரசுக் கடனாலும் கூட்டுறவாலும். சொந்தக் கையும் பொதுக் கையும் சேர்ந்தபோதே அவருடைய குளிர்காலம் எளிதாயிற்று.

டவீதவ் வந்த குளிர்காலம்

இனி ஸ்டெப்பிக்குச் செல்வோம். ஷோலகவின் 'கன்னிநிலத்தைப் புரட்டினோம்' நாவலின் முதற்பகுதி 1932இல் வெளிவந்தது. அதன் கதை தொடங்குவது 1930 ஜனவரியில். டான் கசாக்குகளின் சிற்றூருக்குக் கூட்டுப்பண்ணை அமைக்க வரும் டவீதவ், லெனின்கிராடின் கிராஸ்னி புத்தீலவெத்ஸ் ஆலையில் பொருத்துநராக இருந்தவன். இந்த ஆலைப்பெயர் தற்செயலன்று. ஃபோர்ட்சனைப் படியெடுத்த ஃபோர்ட்சன்-புத்தீலவெத்ஸ் டிராக்டர்கள் 1924 முதல் அங்கேதான் செய்யப்பட்டன. டிராக்டர் செய்யும் ஆலையிலிருந்து வந்தவன், டிராக்டர் இல்லாத ஊரில் எருதுகளையும் குதிரைகளையும் வைத்து விதைப்புக்கு அணியமாக வேண்டியிருக்கிறது. அவனுக்குக் கைகொடுப்பவன் ஊர்க் கொல்லன் ஷாலி. கலப்பைகளையும் பரம்புகளையும் விதைப்புக்கு முன் செப்பனிட்டுத் தந்த அக்கொல்லனை ஊர்க்கூட்டத்தில் பாராட்டிக் கருவிப்பெட்டி பரிசளிக்கும் காட்சி நாவலில் உண்டு. கூட்டுப்பண்ணையைப் பற்றிய அந்நாவலின் பார்வையை ஏற்பவரும் மறுப்பவரும், குளிர்காலப் பட்டறையின் மதிப்பை ஷோலகவ் அறிந்திருந்தார் என்பதை ஒப்புவர்.

நாவலுக்கு வெளியே நடந்தது கடுமையானது. கூட்டுப்பண்ணையில் ஒப்படைக்க மனமின்றிக் கொல்லப்பட்டும், தீவனமின்றி மடிந்தும் கால்நடைகள் அழிந்தன. 1934 ஜனவரியில் கட்சி மாநாட்டில் ஸ்டாலின் தாமே வாசித்த கணக்கின்படி 1929இல் 3 கோடியே 40 லட்சமாக இருந்த குதிரைகள் 1933இல் 1 கோடியே 66 லட்சமாகக் குறைந்தன. இழுவிசையில் பாதி நான்காண்டுகளில் மறைந்துவிட்டது. குதிரை இருந்தவரை டிராக்டர் ஒரு முன்னேற்றம். குதிரை போனபின் அது இன்றியமையாத் தேவை. குளிர்காலத்தில் ஒரு டிராக்டர் பழுதாகி நின்றால் வசந்தத்தில் அதன் வேலையை ஏற்க வேறெதுவும் இல்லை.

டிராக்டர்கள் வந்தன. அமெரிக்கக் கட்டட வல்லுநர் ஆல்பர்ட் கானின் நிறுவனம் வடிவமைத்த ஸ்டாலின்கிராட் டிராக்டர் ஆலையிலிருந்து 1930 ஜூன் 17 அன்று முதல் டிராக்டர் வெளிவந்தது. அமெரிக்காவின் இன்டர்நேஷனல் 15-30 வகையின் படி அது. 1931இல் கார்கிவ், 1933இல் செல்யாபின்ஸ்க் ஆலைகள் தொடர்ந்தன. ஆனால் இவை கூட்டுப்பண்ணைகளிடம் தரப்படவில்லை. இயந்திர-டிராக்டர் நிலையங்கள் என்னும் அரசு அமைப்புகளிடம் இருந்தன. ஒதேசா வட்டாரத்தின் ஷெவ்சென்கோ அரசுப்பண்ணையில் 1928இல் மார்க்கேவிச் என்பார் தொடங்கிய ஒரு முயற்சியே இதற்கு முன்மாதிரி. 1940இல் இத்தகைய நிலையங்கள் ஏறத்தாழ 7,000. ஒவ்வொன்றும் சுற்றியுள்ள பல கூட்டுப்பண்ணைகளுக்கு உழுதுகொடுத்துத் தானியமாகக் கூலி பெற்றது.

பட்டறையை ஓரிடத்தில் குவித்துத் தேர்ந்த கைவினைஞரை அங்கே வைப்பது என்னும் எண்ணம் தன்னளவில் சரியானதே. நவம்பர் முதல் மார்ச் வரை அந்நிலையங்களில் பழுதுபார்ப்புப் பருவம். டிராக்டர்களைப் பகுதி பகுதியாகப் பிரிப்பார்கள். இணைப்புத் தண்டுகளின் தாங்கிகளில் பாபிட் உலோகத்தை உருக்கி ஊற்றிக் கையால் சுரண்டிப் பொருத்துவார்கள். எத்தனை விழுக்காடு டிராக்டர்கள் செப்பனிடப்பட்டன என்னும் கணக்கு மேலிடத்துக்குப் போகும், செய்தித்தாள்களிலும் வரும்.

எண்ணம் சரியாயிருந்தும் இயந்திரங்கள் நலிந்ததற்கு அமைப்பின் உள்ளேயே காரணங்கள் இருந்தன. முதலாவது, டிராக்டர் ஓட்டுநர்கள் நிலையத்தின் நிலையான பணியாளர் அல்லர். கூட்டுப்பண்ணை உறுப்பினர்களான அவர்கள் உழவுப் பருவத்துக்கு மட்டும் வந்துபோவர். அறுவடை முடிந்ததும் பலர் ஊர் திரும்பிவிடுவர். அடுத்த வசந்தத்தில் அதே இருக்கையில் அவர்களே அமர்வர் என்பதற்கு உறுதியில்லை. தான் ஓட்டிய எஞ்சினின் எந்தச் சிலிண்டர் எப்போது இருமும் என்பதை அறிந்தவன், அதனைப் பிரிக்கும் வேளையில் அருகில் இல்லை. இரண்டாவது, நிலையத்தின் வேலை அளக்கப்பட்டது உழுத பரப்பால். 'மென்னுழவு எக்டேர்' என்னும் கணக்கலகு ஒன்றை வைத்து எல்லா வேலையையும் அதற்கு மாற்றிக் கணக்கிட்டார்கள். எக்டேர் எண்ணிக்கை பரிசைத் தரும். மாலையில் வடித்த நீர் எந்தக் கணக்கிலும் ஏறாது. மூன்றாவது, உதிரிபாகப் பஞ்சம். புதிய டிராக்டர்களின் எண்ணிக்கையில் பெருமை கொண்ட ஆலைகள் உதிரிபாகங்களைப் பின்னுக்குத் தள்ளின. ஒரு டிராக்டரைப் பிரித்து மற்றொன்றுக்கு உயிர் கொடுப்பது வழக்கமாயிற்று.

நான்காவது காரணம் அச்சம். 1932-33 பெரும்பஞ்சத்தின் நடுவே, 1933 ஜனவரியில், நிலையங்கள்தோறும் அரசியல் துறைகள் அமைக்கப்பட்டன. அவற்றில் இரகசியக் காவல்துறையின் ஆளும் ஒருவர். அதே ஆண்டு மார்ச்சில் வேளாண் துறை அலுவலர் 35 பேர் சுடப்பட்டனர். அவர்கள்மீது சாட்டப்பட்ட குற்றங்களுள் டிராக்டர்களைப் பாழாக்கியதும் விதைப்பைச் சீர்குலைத்ததும் இருந்தன. முதல் நிலையத்தைத் தோற்றுவித்த மார்க்கேவிச்சும் அவ்வாண்டு கைதாகி முகாமுக்கு அனுப்பப்பட்டார். உறைந்து பிளந்த பிளாக் கவனக்குறைவாக இருக்கலாம், அடைபட்ட வடிகுழாயாக இருக்கலாம். ஆனால் அது சதி என்று படிக்கப்படக்கூடிய காலத்தில் பழுதை வெளியே சொல்பவர் யார்? மறைக்கப்பட்ட விரிசலோடு டிராக்டர் 'செப்பனிடப்பட்டது' பட்டியலில் ஏறும். வசந்தத்தில் வயல் நடுவே நிற்கும். தண்டனை இயந்திரத்தைக் காக்கவில்லை. பழுதை மறைக்கவே கற்பித்தது.

பெண்கள், புதுநிலம், விற்பனை

இந்நெருக்கடிகளுக்கு நடுவிலும் உண்மையான அக்கறையோடு உழைத்தவர்களை மறந்துவிடலாகாது. தனெத்ஸ்க் வட்டாரத்தின் ஸ்தாரபேஷிவ் ஊரைச் சேர்ந்த பாஷா அங்கேலினா 1933இல் பெண்களை மட்டும் கொண்ட டிராக்டர் குழுவை அமைத்தார். 1938இல் ஒரு லட்சம் தோழியரை டிராக்டருக்கு அழைத்த அவருடைய அறைகூவல் அக்காலத்தில் பரப்புரையாகவே தோன்றியிருக்கும். 1941இல் போர் வந்தது. ஆண்களோடு வலுவான சங்கிலிப்பட்டை டிராக்டர்களும் படைக்குப் போயின. எஞ்சிய பழைய டிராக்டர்களும் அவற்றின் குளிர்காலப் பட்டறைகளும் பெண்கள் கைக்கு வந்தன. 1943இல் நிலையங்களின் ஓட்டுநர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பெண்கள். புதிய டிராக்டரோ உதிரிபாகமோ வராத அந்நாள்களில், தேய்ந்ததை மீண்டும் மீண்டும் ஒக்கிட்டு ஓடவைத்தவர்கள் அவர்களே. ஸ்டாலின்கிராட் ஆலை இடிபாடுகளிலிருந்து மீண்டு டிராக்டர் செய்யத் தொடங்கியது 1944இல்தான்.

போருக்குப்பின் வந்த டிடி-54 போன்ற டீசல் டிராக்டர்கள் குளிர்காலையை வேறுவிதமாகக் கையாண்டன. பெரிய டீசல் எஞ்சினின் அருகே ஏறத்தாழ 10 குதிரைத்திறன் கொண்ட சிறு பெட்ரோல் எஞ்சின் ஒன்று இருக்கும். முதலில் அதனைக் கயிறு சுற்றி இழுத்துத் தொடங்குவார்கள். அது பெரியதைச் சுழற்றி எழுப்பும். அமெரிக்காவில் காட்டர்பில்லர் நிறுவனம் 1931 முதலே கையாண்ட முறை இது. ஆனால் டீசல் தன்னோடு புதிய தொல்லையையும் கொண்டுவந்தது. கோடைக்கால டீசலில் உள்ள மெழுகு குளிரில் படிகமாகி வடிகட்டியை அடைத்துவிடும். சோவியத் தரநிர்ணயத்தில் கோடை, குளிர்காலம், ஆர்க்டிக் என மூவகை டீசல் வகுக்கப்பட்டது இதனாலேயே.

ஸ்டாலின் மறைந்தபின், 1953 செப்டம்பரில், டிராக்டர் ஓட்டுநர்கள் நிலையங்களின் நிலையான பணியாளர் ஆக்கப்பட்டனர். ஓட்டுபவனே குளிர்காலத்தில் பிரித்துச் செப்பனிடவும் வழி பிறந்தது. கால் நூற்றாண்டாக இருந்த இடைவெளி அடைபடத் தொடங்கியது. இலக்கியத்திலும் இம்மாற்றத்தின் ஒலி கேட்டது. வலெந்தீன் அவேச்கின் 1952இல் எழுதத் தொடங்கிய கிராமச் சித்திரங்களும், கலீனா நிக்கலாயெவா 1954இல் வெளியிட்ட, நிலைய இயக்குநரையும் இளம் வேளாண் வல்லுநரையும் எதிரெதிரே நிறுத்திய குறுநாவலும், எண்ணிக்கைக்கும் உண்மைக்கும் இடையே இருந்த பள்ளத்தை வெளிப்படையாகப் பேசின.

ஆனால் அடுத்த ஆண்டே, 1954இல், புதுநில இயக்கம் தொடங்கியது. கசகஸ்தானிலும் மேற்குச் சைபீரியாவிலும் 1960க்குள் 4 கோடி எக்டேருக்கு மேல் உழப்பட்டது. இன்றைய அஸ்தானா நகரைச் சுற்றியுள்ள அந்தச் சமவெளியில் -40 பாகைக் குளிர் புதிதன்று. அங்கே கொட்டகைக்கு முன் டிராக்டர் வந்தது. பட்டறைக்கு முன் உழவு வந்தது. அறுவடை முடிந்த இயந்திரங்கள் திறந்தவெளியிலேயே பனிப்புயலில் நின்றன. புதிதாய் உழுத எக்டேர்கள் செய்தியாயின. பனியில் புதையுண்ட டிராக்டர்கள் ஆகவில்லை.

1958 மார்ச் 31 அன்று நிலையங்களைக் கலைக்கும் சட்டம் வந்தது. டிராக்டர்களைக் கூட்டுப்பண்ணைகளே விலைக்கு வாங்கிக்கொள்ள வேண்டும். ஒரே நிலத்தில் இரு எசமானர்கள் வேண்டாம் என்னும் குருஷ்சேவின் வாதத்தில் நியாயம் இருந்தது. இத்தகைய யோசனையை 1952இல் ஸ்டாலின் நிராகரித்திருந்தார் என்பதால் இது துணிவான முடிவும்கூட. கேடு விளைந்தது வேகத்தில். ஓராண்டுக்குள் பெரும்பகுதி இயந்திரங்கள் கைமாறின. கூட்டுப்பண்ணைகளிடம் பணமும் கொட்டகையும் பட்டறையும் இல்லை. நிலையங்களில் அரசு ஊதியம் பெற்றுவந்த தேர்ந்த கைவினைஞர்கள் பலர், உறுதியான ஊதியமில்லாத கூட்டுப்பண்ணைக்குப் போக விரும்பாமல் நகரங்களை நாடினர். நிலையங்களின் இடத்தில் வைக்கப்பட்ட பழுதுபார்ப்பு நிலையங்களும் நிலைக்கவில்லை; 1961இல் வேறோர் அரசு அமைப்பு வந்தது. 1953இல் ஒன்றுசேர்ந்த ஓட்டுநரும் பட்டறையும் ஐந்தாண்டுகளில் மீண்டும் பிரிந்தனர். டிராக்டர் கைமாறிற்று, அதனைக் குளிர்காலத்தில் பேணும் அறிவு கைமாறவில்லை.

எஞ்சி நிற்கும் பட்டியல்

குளிர்நாட்டு உழவர் ஒருவர் இன்று டிராக்டரை நிறுத்துமுன் செய்பவற்றைப் பட்டியலிட்டால், மேற்சொன்ன வரலாறு முழுவதும் அதில் அடங்கியிருப்பதைக் காணலாம். உறைதடுப்பு நீர்மத்தின் செறிவை அளக்கிறார். ஓடித் தேய்ந்த எண்ணெயில் அமிலமும் ஈரமும் சேர்ந்திருக்கும் என்பதால் நிறுத்தும் முன்பே புதிய எண்ணெய் மாற்றுகிறார். எரிபொருள் தொட்டியின் காலியிடத்தில் காற்றின் ஈரம் நீராகப் படியாதிருக்க அதனை விளிம்புவரை நிரப்புகிறார். கோடை டீசல் இருந்தால் குளிர்கால டீசலுக்கு மாறுகிறார். பேட்டரியை முழுதாக மின்னேற்றிக் குளிரற்ற இடத்தில் வைக்கிறார். மின்னேற்றம் இறங்கிய பேட்டரி உறைந்து பிளக்கும். நிறைந்த பேட்டரி எளிதில் உறையாது. கிளட்ச் தகடு துருவால் ஒட்டிக்கொள்ளாமலிருக்கக் கிளட்சை அழுத்திய நிலையில் கட்டிவைக்கிறார். புகைபோக்கியின் வாயை மூடுகிறார். எலி கூடு கட்டும் இடங்களைப் பார்க்கிறார். கிரீஸ் இடவேண்டிய மூட்டுகளில் புதுக் கிரீஸ் இட்டு, உள்ளே புகுந்த நீரை வெளியேற்றுகிறார்.

இவற்றுள் எதுவும் அரிய வித்தையன்று; ஒரு நாளில் முடிகிற வேலை. எனினும் இப்பட்டியல் நிறைவேற மூன்று வேண்டும் என்பதையே இரு நிலங்களின் வரலாறும் காட்டுகிறது. மாலையில் அங்கே இருக்கக்கூடிய, அந்த இயந்திரத்தை அறிந்த ஒரு மனிதர். அவர் கேட்கும்போது கிடைக்கும் உதிரிபாகம். பழுதைப் பழுது என்று அச்சமின்றிச் சொல்லும் உரிமை. அமெரிக்கப் புல்வெளியில் முதலாவது இயல்பாக இருந்தது. இரண்டாவதைச் சட்டம் தந்தது. சோவியத் நிலையங்களில் மூன்றும் ஒரே வேளையில் அமைந்த ஆண்டுகள் மிகச் சில.

இக்கேள்வி பழங்கதையாகிவிடவில்லை. இன்றைய டிராக்டர்களில் பல பழுதுகள் கணினி மென்பொருளின் வழியே மட்டும் திறக்கப்படுகின்றன. அம்மென்பொருள் உற்பத்தியாளரிடம் இருக்கிறது. கொட்டகையும் கருவியும் கைத்திறனும் இருந்தும், தன் டிராக்டரைத் தானே குளிர்காலத்தில் செப்பனிட முடியாத உழவர்கள் அமெரிக்காவில் எழுப்பிய குரலின் பயனாக, கொலராடோ மாநிலம் 2023இல் வேளாண் கருவிகளைப் பழுதுபார்க்கும் உரிமைச் சட்டத்தை இயற்றியது. 2024 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. 1919இல் நெப்ராஸ்கா உதிரிபாகத்துக்காகக் கேட்டதையே நூறாண்டு கடந்து கொலராடோ மென்பொருளுக்காகக் கேட்கிறது.

சக்கரவண்டியைக் குளிர்காலத்தில் செப்பனிடு என்ற ரஷ்ய உழவர், வண்டி தன்னுடையது, கருவி தன்னிடம் உண்டு, நேரமும் தன்னுடையது என்று கருதியே அவ்வாறு சொல்லியிருக்க வேண்டும். அம்மூன்றில் ஒன்று பறிபோனாலும் அப்பழமொழி வெறும் கட்டளையாகிவிடும். கட்டளைகளுக்கு எந்த எஞ்சினும் அசைந்து கொடுத்ததில்லை.